ஆறு வாசகிகள்

பல்கலைக்கழக மாணவி ஒருத்தி போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். இங்கே மலேசியாவில், சுங்கை பட்டாணியில் முன்பு ஒரு கட்சி வாரப் பத்திரிகை நடந்தது. அதன் வரலாற்றைத்தான் படிப்புக்காக எழுதுகிறாளாம். அங்கே வேலை செய்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். முகவரிச் சீட்டு ஒட்டுவதும் கோப்பி கலக்குவதும் என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவளைத் தேடி வரலாறு வருகிறதே என்று நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நாலு பக்கப் பத்திரிகை. கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். வெள்ளிக்கிழமை ரப்பர் தோட்டங்களுக்குப் பஸ்ஸில் கட்டுக் கட்டாகப் போகும். கட்சி இரண்டாக உடைந்ததும் நின்றுபோனது.

பிறகு அவள் ஒரு தாளை எடுத்தாள். "ம்மா, வாசகர் கடிதத்துல ஆறு பொம்பளைங்க மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க. தோட்டத்துப் பெண்கள் அரசியல் பேசினதுக்கு இதுதான் சாட்சின்னு ஒரு சேப்டரே எழுதிட்டேன். அவங்கள்ல யாரையாவது பார்க்க முடியுமா?"

அந்த ஆறு பேரும் நான்தான்.

கடிதம் வராத வாரங்களில் ஆசிரியர், "தங்கச்சி, எடம் காலியா கெடக்கு, ஏதாச்சும் எழுதும்மா" என்பார். பெயர் போடக் கூச்சம். 'ஒரு வாசகி, திகாம் பத்து' என்று ஊரை மட்டும் போட்டேன். அடுத்த வாரம் ஜித்ரா வாசகி. இப்படியே ஆறு ஊர். யாராவது பெயர் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிற நான், "தலைவர் அவர்களே, எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வந்து குடித்துப் பாருங்களேன்" என்று எழுதினேன். ருசி கண்டுவிட்டது. திகாம் பத்துக்காரியை ஜித்ராக்காரி திட்டினாள். இவள் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் கட்சிக் கூட்டத்தில் அந்த இரண்டு ஊர்க் கிளைக்காரர்களும் நிஜமாகவே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்ல வாய் வராமல், "ஜித்ரா அம்மா செத்துப் போச்சும்மா" என்றேன். பாவம், 'காலமானார்' என்று குறித்துக்கொண்டாள்.

"மத்த அஞ்சு பேரு?"

ஒரே மூச்சில் ஐந்து பேரைச் சாகடிக்க எனக்குத் தைரியம் போதவில்லை. அந்தப் பிள்ளை எழுதியதை அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டுமாம். என் பொய்யால் அவள் படிப்பு கெட்டால்? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "என்னம்மா இது! அப்ப அந்தத் தண்ணி விஷயமும் பொய்யா?"

"அது பொய்யில்லம்மா. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க பேசுறதைக் கேட்டுட்டு வந்துதான் எழுதுவேன். அதுங்க பேசும், கடுதாசி போடாதுங்க."

பேனாவை மறுபடி எடுத்தாள். "அப்ப சேப்டரை மாத்தி எழுதிடலாம். ஆனா உங்க பேரைப் போடணும்மா."

"பேரு மட்டும் வேணாமே."

"போடலைன்னா நானே கதை கட்டினேன்னு சொல்லிருவாங்க லா!"

நியாயம்தான். கதை கட்டியது நான், கெட்ட பெயர் அவளுக்கா? அலமாரியைத் திறந்து அடையாளக் கார்டை எடுத்து வந்தேன். பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. கார்டை நீட்டினேன். அவள் அதைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.