எங்கள் ஹோலில் யோகோஹாமா

1995 பெப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் நாலாம் மாடி வீடு முழுக்க ஆட்டிறைச்சிக் குழம்பின் வாசனை. அதனுடன் அட்டைப்பெட்டிக்கு நான் பூசியிருந்த நீலச் சாயத்தின் மணமும் கலந்திருந்தது. ஏழரைக்கு எழுந்தோம். எட்டரைக்கு அம்மாவும் நானும் கீழே உடுப்புத் தோய்க்கப் போய் வந்தோம். பத்து மணிக்கு அப்பா, தம்பியைக் கதிரையில் இருத்தித் தலைமயிர் வெட்டினார். மிசிசாகாவில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது ஒன்றுதான் வீட்டு நாள். அந்த ஆண்டுதான் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன், ஆகவே நேரங்களில் பிழை இராது.

வழக்கத்தில் இல்லாதது பதினொரு மணிக்கு நடந்தது. அம்மா, எங்களோடு தங்கியிருந்த ராசன் சித்தப்பாவின் மெத்தையைச் சுருட்டி அறைக்குள் தள்ளினார். அவருடைய பெரிய பனிச் சப்பாத்துகளைக் குளியல் தொட்டிக்குள் வைத்துத் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

காரணம் என்னுடைய பள்ளிக்கூடச் செயற்திட்டம். எட்டாம் வகுப்புச் சரித்திர ஆசிரியை எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, எனக்கும் மாரிசெலுக்கும் ஜப்பானின் துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட கதையைக் கொடுத்திருந்தார். யோகோஹாமாவை அட்டையில் செய்து திங்கட்கிழமை காட்ட வேண்டும். மாரிசெலின் வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் எங்கள் வீட்டில் செய்வதாக நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் எங்கள் கட்டடத்தை மேற்பார்க்கும் "சூப்பரின்டென்ட்"டின் மகள் என்பதை அப்பாவிடம் பிறகுதான் சொன்னேன்.

வாடகை வீட்டுக்கான படிவத்தில் அப்பா எழுதியிருந்தது நாலு பேர். முந்தின ஆடியில் வந்திறங்கிய சித்தப்பா ஐந்தாவது. பார்க்டேலில் ஆள் கூடிப்போய் வீட்டை விடவேண்டி வந்த ஒரு குடும்பத்தின் கதை அப்பாவின் காதில் விழுந்திருந்தது. சித்தப்பாவின் அகதி வழக்கு விசாரணைக் கடிதம் எங்கள் விலாசத்துக்குத்தான் வரவேண்டும். அது வருவதற்குள் விலாசம் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம். அதனால் எங்கள் வீட்டுக்கு எவரும் வருவதில்லை. கதவைச் சங்கிலியோடுதான் திறப்போம்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானியர், ஒல்லாந்து வணிகரை நாகசாகியில் விசிறி வடிவான ஒரு சின்னத் தீவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்று வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"அவங்கள் விசரங்களே? வாசல்லை வைச்சே அலுவலை முடிச்சிருக்கிறாங்கள். உன்ரை சிநேகிதியும் ஹோலோடை நிக்கட்டும்."

சித்தப்பாவை வெளியே அனுப்ப வழியில்லை. அவருக்குத் தடிமனும் காய்ச்சலும். "இருமினாலும் தலகாணிக்குள்ளை இருமும்," என்று சொல்லி அம்மா அவரை அறைக்குள் அனுப்பிவிட்டார்.

மாரிசெல் இரண்டு மணிக்கு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அம்மா கொடுத்த ரோல்ஸ் இரண்டையும் சாப்பிட்டாள். துறைமுகத்தைத் திறக்க வந்த கறுத்த கப்பல்களைக் கத்தரித்தோம், வெளிநாட்டுக் கொடிகளை ஒட்டினோம். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்று இருபதுக்குப் பஞ்சு வைத்த ஃபூஜி மலையை எடுத்து, கப்பல்கள் குடாவுக்குள் நுழையும்போது மலை வலப்பக்கம் தெரியும் என்று நான் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன்.

"லெஃப்ட்! லெஃப்ட்!" என்று அறைக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல் கத்தியது.

கதவு திறந்தது. சாரமும் குரங்குத் தொப்பியும் போர்வையுமாகச் சித்தப்பா வந்தார். எங்களை விலக்கி, மலையைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கனடாவுக்கு வருமுன் பதினோராண்டு சரக்குக் கப்பலில் இருந்தவர் அவர். யோகோஹாமாவுக்கு மூன்று முறை போயிருக்கிறார்.

"யார் இவர்?" என்று மாரிசெல் கேட்டாள்.

ஆறு வயதுத் தம்பிக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் மனப்பாடம். "இவர் எங்களோடை இருக்கிறேல்லை, படுக்கிறது மட்டும்தான்," என்று ஆங்கிலத்திலேயே தெளிவாகச் சொன்னான்.

மாரிசெல் சிரிக்கவில்லை. மலை உச்சியில் உண்மையாகவே பனி இருந்ததா என்று மட்டும் சித்தப்பாவிடம் கேட்டாள். ஐந்து மணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

"உனக்கு ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு கிடக்கேலாதே?" என்றார் அப்பா.

"இருமலை அடக்கினனான்தானே அண்ணை. மலையைக் கொண்டுபோய்ப் பிழையான கரையிலை வைச்சால் என்னெண்டு பொறுக்கிறது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கீழே ஓடிப்போய் மாரிசெலிடம், உன் அப்பாவுக்குச் சொல்லாதே என்று கேட்கட்டுமா என்றேன். அம்மாவின் சிரிப்பு நின்றது.

"வேண்டாம். எங்களுக்காக அந்தப் பிள்ளை தன்ரை தகப்பனிட்டைப் பொய் சொல்லுறதே?"

அதைக் கேட்டு அப்பா எழுந்தார். கோப்பிலிருந்து வீட்டுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம் அந்தத் தெருவால் போனேன். கட்டடம் நிற்கிறது, பெயர்கள் எழுதிய தபால் பெட்டி வரிசை இல்லை, இப்போது இலக்கங்கள் மட்டும்தான். இரண்டாவது முறை வீடு மாறும்போது யோகோஹாமா குப்பைக்குப் போயிற்று. மாரிசெலின் குடும்பம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மிசிசாகாவில் சொந்த வீட்டில் இருக்கும் சித்தப்பா இன்றும் அந்த மலையைப் பற்றி வாதாட ஆயத்தம்.

1995 பெப்ரவரி 20, திங்கட்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு, தேநீர்கூடக் குடிக்காமல், அப்பா என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி சூப்பரின்டென்ட்டின் கதவைத் தட்டினார். கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தவரிடம், எங்கள் வீட்டில் ஐந்து பேர், முதலே சொல்லாதது என் பிழை என்று அப்பா தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு குழந்தையை மாரிசெலிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனையை என்னிடம் நீட்டினார். நாலாம் பெயருக்குக் கீழே சித்தப்பாவின் முழுப்பெயரை எழுதினேன்.