சுத்தமான நிலம்

எங்கள் ஊரில் சுத்தமான நிலம் என்றால் ஒரு செடிகூட இல்லாத நிலம். பனாமா நகரத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அத்தான் எலாடியோவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஆற்றங்கரைக் குரங்குகள் மலைக்காட்டுக்குப் போக வழி வேண்டும் என்று, தன் மேய்ச்சல் நிலம் முழுவதையும் மரமாக வளரவிட்டார்.

"என்ன புரொபசர், பாம்பு வளக்குறீங்களா?" என்று பக்கத்து நிலத்து நிக்கானோர் கிண்டலடிப்பான். அத்தான் சிரித்துக்கொள்வார்.

கோடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கே ஒருவர் படுத்துவிட்டால் ஊரே கூடி அவர் நிலத்து வேலையை முடித்துக் கொடுக்கும். கூலி கிடையாது, கோழி சூப் மட்டும்.

நான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று ஊரே சூப்போடு காத்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆறுவரை மொட்டை வெளி, கருகிய அடிக்கட்டைகள்.

"சுத்தம் பண்ணிட்டோம் புரொபசர்! நீங்க நல்லாகி வரணும்னுதான்." நிக்கானோரின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"அறிவுகெட்ட..." என்று நான் ஆரம்பித்தேன். அத்தான் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்கப்பா" என்றார்.

ஆற்றங்கரை மரங்களில் குரங்குகள் கத்தின.

"கேட்டீங்களா? இனி அந்தச் சனியன் எதுவும் இந்தப் பக்கம் வராது" என்றான் நிக்கானோர்.

"ஆமாப்பா, வராது" என்ற அத்தான், சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கிண்ணம் காலியான பிறகும் இறக்கவில்லை.