கண்ணாடி அலமாரியின் சாவி

ஒரு பொம்மையை வைத்துப் பழிவாங்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜோர்ஜ்டவுனில் ஒரு பிரசவ வார்டில் நான் தாதி. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றை அழுத்திச் செலுத்த ஒரு ரப்பர் பை உண்டு. பழையது கிழிந்து புதிது வந்தது. எங்கள் தலைமைத் தாதி, சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் விருந்தாளிக்கென்று பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைப்பார்களே, அப்படி. பார்வையிட வரும் பெரியவர்களுக்குப் பளபளவென்று தெரிய வேண்டுமாம். சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்.

ஒரு பிற்பகல், குழந்தை ஒன்று நீலம்பாரித்துப் பிறந்தது. சிஸ்டர் தேநீர் குடிக்கக் கேன்டீனுக்குப் போயிருந்தார். உடனிருந்த இன்னொரு தாதி குழந்தையின் வாயில் ஊத, நான் இரண்டு மாடி இறங்கி ஓடிச் சாவியை வாங்கி வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடியை உடைக்கத் தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாளில்லை. ஆனால் சிஸ்டர் அறிக்கையில் எழுதியது இது: 'தாதி உரிய நேரத்தில் கருவியைக் கொண்டுவரத் தவறினார்.' சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தக் குழந்தையின் தாய், ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடியிலேயே குடியிருந்தாள். என்னால்தான் பிள்ளை போனது என்று நம்பி, பசாரில் காய்கறி வாங்கும்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு வருடம் கழித்து, ரப்பர் பொம்மையைக் குழந்தையாக வைத்து உயிர்ப்பிக்கும் பயிற்சி வந்தது. நடத்தும் பொறுப்பு எனக்கு. நான் ஒரு விதி வைத்தேன்: முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், கருவிகளை அன்றாடம் இருக்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். நியாயமான விதிதான். யாருக்காக வைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு பிள்ளை போன பிறகும் அதே அலமாரி, அதே பூட்டு.

"சிஸ்டர், குழந்த அழல," என்று பொம்மையை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சாவிக்கொத்தைத் துழாவினார். பயிற்சியைப் பார்க்க வந்திருந்த டாக்டர்கள் முன்னால் நான் வினாடிகளை உரக்க எண்ணினேன். கொத்து கீழே விழுந்தது. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"பொம்மதானே லா, எதுக்கு இப்படி வெரட்டுற?"

"அன்னைக்குப் பொம்ம இல்லையே சிஸ்டர்."

எனக்கு அப்படி ஒரு திருப்தி.

மதிப்பீட்டுப் படிவத்தில் அவருடைய பழைய வாக்கியத்தையே எழுதினேன். 'தாதி' என்ற இடத்தில் 'தலைமைத் தாதி' என்று போட்டேன், அவ்வளவுதான். கையெழுத்துக்கு நீட்டியபோது அவர் முகம் செத்துப்போனது.

"இத மாத்திரு. அடுத்த மாசம் மேட்ரன் வேலைக்கு எனக்கு இன்டர்வியூ இருக்கு."

"மொதல்ல அன்னைக்கு நடந்தத எழுதிக் குடுங்க."

எழுதினார். 'அலமாரி பூட்டியிருந்தது, சாவி என்னிடம் இருந்தது, தாதி மேல் குற்றமில்லை.' கையெழுத்தும் போட்டார். அந்தத் தாய் படிக்க வேண்டிய தாள் அது. மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு படிவத்தை எடுத்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மேலிடத்துக்கு அனுப்பினேன்.