வேலைக்கு ஒரு பாஷை

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில், சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு அடுத்த க்யூபிக்கிளில் இருந்தவர் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்காரர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ்தான். ஆனால் எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் 'பிஸ்மில்லா', அல்லாவின் பெயரால், என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் மதிய இடைவேளையில் தன் ஊர்ப் படக் கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதில் வரும் துணிக்கடைக்காரர் மனைவியிடம் ஜாவா மொழி பேசினார், வாடிக்கையாளரிடம் இந்தோனேசிய மொழி. கடையைத் திறக்கும்போது மட்டும் அதே பிஸ்மில்லா.

"எங்க படத்துல ஹீரோவுக்குக் கோபம் வந்தாத்தான் பாஷை மாறும், இங்கிலீஷுக்கு," என்றேன். சிரித்தார்.

2001இல் ஆட்குறைப்பு தொடங்கியது. வேலை போகிறவர்களை ஃபோனில்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"லே ஆஃப் பண்ணிட்டாங்க. இன்னைக்கு முழுநாள் சம்பளம் உண்டாம். இப்பவே கிளம்பலாம்னாங்க."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொன்னார். பாதியில் நின்றிருந்த டெஸ்டிங்கைத் தொடர்ந்தார்.

"இனிமே யாருக்காக இதைப் பண்றீங்க?" எரிச்சலோடுதான் கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தச் சம்பளத்துலதான் என் பொண்ணு சாப்பிடுவா. வேலை பார்க்காம வாங்கினா அது ஹலால் இல்லை, எங்க மார்க்கத்துல ஆகாத காசு."

மாலையில் டெஸ்டிங்கை முடித்து, மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

என் வேலை போகவில்லை. அன்று முழுவதும் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் முழுநாள் சம்பளம் வந்தது.