சாமிக்குப் பூ கொடுத்தாச்சா?

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நானும் என் கணவரும் பூ வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். வியாபாரம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். கொழுந்துக் கூடை சுமந்தது போதும் என்று வெளியே வந்து, தெரிந்தவர்களிடம் செவ்வந்திப் பூ வாங்கி, கோலாலம்பூரில் மாலைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு லோரியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களிடம் இருந்த ஒரே ஆடம்பரம் டெலிபோன். வந்த புதிதில் அதைத் தினமும் துணி வைத்துத் துடைப்பேன். "பொட்டு ஒண்ணுதான் வைக்கல நீ" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்த முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. போனில் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "சாமிக்குப் பூ கொடுத்தாச்சா?" என்று கேட்பார். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில், ஒரு வளைவில் சூலம் நட்ட சின்ன முனியாண்டி கோயில் இருந்தது. பாரம் ஏற்றி முடித்ததும் கடைசியாக ஒரு கட்டுப் பூவைத் தனியாக டிரைவர் கையில் கொடுப்போம். அவர் அதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு போய், அந்த வளைவில் நிறுத்தி, கோயிலில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். தமிழ் டிரைவர், சீன டிரைவர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஒருமுறை வந்த மலாய் டிரைவர்கூட, தான் இறங்காவிட்டாலும் லோரியை நிறுத்தி, கூட வந்த ஆளை அனுப்பிப் பூவை வைக்கச் சொன்னாராம். அந்த வளைவில் எல்லாருக்கும் ஒரே பயம்தான்.

அது தீபாவளி வாரம். தோட்டத்து ஆட்கள் பலர் லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலங்களில் தீபாவளிக்கென்றே செவ்வந்தி போட்டிருந்தார்கள். பூவை எங்களை நம்பி முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். லோரி போய்ச் சேர்ந்து பணம் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க டவுனுக்குப் போவார்கள். எனக்குப் பூக்கட்ட உதவிக்கு வந்த ஒருத்தி அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள், "எங்க லயத்து தீபாவளியே இந்த லோரியிலதான்க்கா போவுது, பாத்து ஏத்துங்க." நானும் சிரித்தேன்.

காலையில் போன் அடித்தது. கணவர் பூ எடுக்க லெம்பா பெர்த்தாம் போயிருந்தார். பேசியது புதுக் குரல். நல்ல மரியாதையான தமிழ். மாலைக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். முதலாளிக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, வழக்கமான லோரியும் வழியில் படுத்துவிட்டது, அதனால் வேறு லோரி மேலே வருகிறது, மதியத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றான். என் கணவர் பேரைச் சொன்னான், எந்த நிறப் பூ எவ்வளவு என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வைப்பதற்கு முன் இதையும் சொன்னான்: "கடைக்கு போன் போட்டுப் பாக்காதீங்கக்கா, கிடைக்காதுலா. லைன் கெட்டுப்போச்சு. நான் வெளிய இருந்து பேசுறேன்."

எனக்கு ஒரு துளிச் சந்தேகம்கூட வரவில்லை. முதலாளிக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். போனில் வந்த பேச்சு என்றாலே வேதவாக்கு என்று நினைத்த காலம் அது.

சொன்னபடியே லோரி வந்தது. டிரைவரும் இன்னொரு ஆளும். இருவரும் தமிழர்கள், பணிவாகத்தான் பேசினார்கள். எல்லாரும் சேர்ந்து மளமளவென்று ஏற்றினோம். தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டியாகிவிட்டது. வழக்கம்போல் தனிப் பூக்கட்டை எடுத்துப்போய் டிரைவரிடம் நீட்டினேன்.

"இது என்னக்கா, எனக்கா?" என்று சிரித்தார்.

"முனியாண்டிக்கு" என்றேன்.

"ஆங், சரி சரி" என்று வாங்கி, காலடியில் ஸ்பேனர் கிடந்த இடத்தில் போட்டார்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். சாமி பூவைக் காலடியில் போடுகிறானே, இவன் எல்லாம் ஒரு மனுஷனா என்று. பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் முதலாளி அனுப்பும் டிரைவருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்திருக்குமே. முதல் தடவை வருகிறவனுக்கும் அவர் இதைத்தானே முதலில் சொல்லி அனுப்புவார். யோசித்துப் பார்த்தால், காலையில் பேசியவனும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தக் கடையில் ஒருநாள் வேலை பார்த்தவன்கூட அதைக் கேட்காமல் போனை வைக்க மாட்டான். இவர்களை எப்படியாவது நிறுத்திவைக்க வேண்டும்.

"தீபாவளி நேரம், பசியோட அனுப்புனா எனக்குத்தான் பாவம். ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். நேரமாகிவிட்டது என்றார்கள். நான் விடவில்லை. என் கைத்தோசைக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர் உண்டு, தற்பெருமையாக நினைக்காதீர்கள். முதல் தோசை தட்டில் விழுந்ததும் இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பை உதவிக்கு வந்தவளிடம் விட்டுவிட்டு, பின்பக்கமாகப் போய் வேலியோரம் நின்றேன். பக்கத்தில் கோபிஸ் என்னும் முட்டைக்கோஸ் பயிரிட்ட சீனர் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சு மலாயில், இந்த லோரியைப் போகவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை.

உள்ளே வந்து, கிடைக்காது என்று சொல்லப்பட்ட அந்த நம்பரைச் சுழற்றினேன். மனப்பாடமான நம்பர்தான், இருந்தும் அவசரத்தில் தப்பிப்போனது. மறுபடி சுழற்றினேன். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"என்னம்மா, சாமிக்குப் பூ கொடுத்தாச்சா?"

முதலாளியேதான். நெஞ்சு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னதும், தன் லோரி அப்போதுதான் தாப்பாவிலிருந்து மலை ஏறத் தொடங்கியிருக்கும் என்றார். "ஒரு பூக்கட்டைக்கூட விடாதம்மா" என்றார்.

வெளியே வந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அடிக்கட்டுல ஈரம் இருக்கு. இப்படியே மூடிக் கொண்டுபோனா பூவெல்லாம் அவிஞ்சிடும். இறக்கி உதறிட்டுத்தான் ஏத்தணும்" என்றேன். காலையிலிருந்து ஒவ்வொரு கட்டாக ஈரம் பார்த்துக் கட்டிய பெண்கள், இவளுக்குப் பைத்தியமா என்று என்னைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு மட்டும் என் கண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பேசாமல் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

டிரைவர் தட்டோடு எழுந்தார். பாதையைப் பார்த்தார். குறுக்கே சீனரின் பழைய லேண்ட் ரோவர் நின்றது. முன்மூடியைத் தூக்கிவிட்டு, ஏதோ பெரிய ரிப்பேர் போலச் சீனர் தலையை உள்ளே விட்டிருந்தார். டிரைவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கடைசிக் கட்டு கீழே இறங்கும் வரை இருவரும் லோரி ஓரமாகவே நின்றார்கள். அது இறங்கியதும் லேண்ட் ரோவருக்கும் உடம்பு குணமாகிவிட்டது.

லோரியில் ஏறிய டிரைவர் திரும்ப இறங்கினார். காலடியில் கிடந்த பூக்கட்டை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரை இன்று வரை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.

கணவர் வந்ததும் போலீசில் சொன்னோம். யாரும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் முதலாளியின் லோரி வந்தது. அன்றைக்குச் சீன டிரைவர். பாரம் ஏற்றியதும் நாங்கள் சொல்லாமலே அவர் கையை நீட்டி, பூக்கட்டை வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் பத்திரமாக வைத்தார். அதுவரை திடமாக இருந்தவள், அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அந்த வருஷம் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் புதுத்துணியில்தான் இருந்தார்கள்.

தீபாவளி கழிந்து, கியா பார்ம் பக்கம் காய்கறி வாங்கி விற்ற ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எங்களுக்கு முன்பே, அதே மாதிரி ஒரு போனை நம்பி ஒரு லோரி கோபிஸை அவர் ஏற்றி அனுப்பியிருக்கிறார். போனது போனதுதான். "வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்மா. சொல்லியிருந்தா உங்களுக்கு இந்தப் பாடு வந்திருக்காது" என்றார். என் கணவருக்கு முகம் சிவந்தது. எனக்கு அந்தக் காய்கறிக்காரர் மேல் கோபம் வரவில்லை. எனக்கும் கயிறு கட்டும் வரை ஒன்றும் தெரியவில்லையே. அவருக்கும் இரண்டு தோசை சுட்டுப் போட்டேன்.

இப்போது வியாபாரத்தை என் மகள் பார்க்கிறாள். ஆர்டர், பணம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போன மாதம் விதை அனுப்பும் கம்பெனி பேரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனியின் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இன்றைக்கே புதுக் கணக்கில் பணம் போடுங்கள், மீட்டிங்கில் இருப்பதால் போன் எடுக்க முடியாது என்று. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆனால் மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அந்தப் பழைய மரியாதைக் குரல் அப்படியே காதில் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள், பணம் அனுப்ப உட்கார்ந்திருந்த, எங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணிடம் மகள் சொன்னாள்: "இரு இரு. சாமிக்குப் பூ கொடுத்தாச்சான்னு கேட்டியா?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, மின்னஞ்சலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, எங்களிடம் முன்பே இருந்த நம்பருக்கு போன் போட்டாள். கம்பெனிக்காரர் பதறிப்போய், அப்படி எதுவுமே நாங்கள் அனுப்பவில்லை என்றார். கேட்டதற்காக அவர் கோபிக்கவில்லை, நன்றி சொன்னார்.

அவசரம் என்று யார் சொன்னாலும், கேட்காதே என்று யார் சொன்னாலும், அந்தப் பூக்கட்டு இன்னும் என் கையில் இருப்பது போலவே தோன்றுகிறது. வெட்கப்படாமல் அதை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் லோரியில் ஏற்றுகிறேன்.