கீலுக்குப் போட்ட எண்ணெய்

லிஃப்ட் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது. குடியை விடுவதற்காக அவரை அந்தச் சிகிச்சை இல்லத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சையும் நின்றுபோன கடிகாரத்தையும் சரிபண்ணிவிட்டார். தானும் ரிப்பேருக்குத்தான் வந்திருக்கிறோம் என்பது மட்டும் மனிதருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

தினமும் காலை பத்து மணிக்குக் குழுப் பேச்சு. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். நடத்துபவர் ஆலோசகர், எல்லோருக்கும் 'மேடம்'. அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பதுதான் முதல் விதி. லிஃப்ட் அண்ணன் அங்கே வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் தன்னைப் பற்றி மூச்சு விடமாட்டார். "எப்போலேருந்து குடிக்கிறீங்க?" என்று மேடம் கேட்டால், "மேல போறதும் கீழ வர்றதும்தான் மேடம் நம்ம தொழிலு. நடுவுல எங்கயோ மாட்டிக்கிட்டேன்" என்பார். எல்லோரும் சிரித்து அடங்குவதற்குள் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரர்.

அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. யார் தொட்டாலும் கிரீச்சென்று ஊரையே கூட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்திக்கொள்வார். அண்ணனுக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் பல் கூசியது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தபோது, சமையலறையிலிருந்து இரண்டு கரண்டி எண்ணெய் கொண்டுவந்து மூன்று கீலுக்கும் விட்டார். கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். பூனை நடந்த மாதிரி போய்வந்தது. அந்த அறைக்கு அதுவரை காவல் இருந்தது அந்தச் சத்தம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நியாயமாகப் பார்த்தால் அங்கே யாருக்குமே தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் பேக்கரிக்காரன் வாய் திறந்தான். முப்பத்துநாலு வயது. இந்த இல்லத்துக்கு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான். இதுதான் கடைசி என்று மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஐந்து வாரமாக உம்மென்று இருந்தவன் அன்றைக்குத் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"புள்ளைய என்கிட்ட விட்டுட்டு வீட்டுக்காரி வெளிய போயிருந்தா. நான் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். மூணு வயசுப் புள்ள, மெயின் ரோட்டுல போய் நின்னிருக்கு. யாரோ தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

நிமிர்ந்து பார்த்தால், கதவுக்கு உள்பக்கம் சலவைக்காரர் துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வாரம் ஒருநாள் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவருகிறவர். பேக்கரிக்காரன் வீட்டுக்கு அடுத்த தெருக்காரர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேக்கரிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு வட்டம் ஊமையாகிவிட்டது. ஒட்டுக்கேட்பதற்காகவே யாரோ கதவுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பத்துப் பேரும் பத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை பேக்கரிக்காரன் பையைக் கட்டி எடுத்துக்கொண்டே குழுவுக்கு வந்தான்.

"சாயங்காலம் போன் குடுப்பீங்கள்ல மேடம். எங்கப்பாகிட்ட சொல்றேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"சலவைக்காரர்கிட்ட நான் பேசிட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்காரு" என்றார் மேடம்.

"அவர் வெளியாளு. எனக்கு உள்ள இருக்கிறவங்க மேலதான் நம்பிக்கை போச்சு."

இவன் இப்படியே படி இறங்கினால் பெண்டாட்டியும் பிள்ளையும் இவனுக்கு இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். "கதவுக்கு எண்ணெ போட்டது நான்தான் தம்பி" என்றார் லிஃப்ட் அண்ணன். வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"ரெண்டு நாளா ஏண்ணே சொல்லல?" என்றான் பேக்கரிக்காரன்.

"பயம். ஒரு தப்ப ஒத்துக்கிட்டா பழைய தப்பும் கூடவே வந்துரும்னு பயம்."

பிறகு அவர் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. போதையில் மெஷின் ரூமிலேயே படுத்துத் தூங்கிவிட்டு, எழுந்து பராமரிப்பு அட்டையில் 'பிரேக் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரேக்கை அவர் தொடவே இல்லை. அடுத்த வாரம் அதே லிஃப்டில் வேலை பார்க்கப் போனவன் அதே கம்பெனியில் இருந்த அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் ஒன்றரை மாடி சறுக்கியது. மச்சானுக்கு முட்டி உடைந்தது. அட்டையில் பிரேக் சரி என்று இருந்ததால், மச்சான்தான் எதையோ தப்பாகக் கழற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அவனும் அப்படித்தான் நம்பிட்டிருக்கான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், என் கைதான் தப்பு பண்ணிருச்சு மாமாம்பான். அவனுக்குச் சோறு போட்டுட்டு, நான் போய்க் குடிப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரன்தான் கேட்டான்.

"மச்சானுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப எங்ககிட்ட சொல்லி என்னண்ணே புண்ணியம்?"

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டிய இடத்தில்தான் தைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் அறையில் ஆளுக்குப் பத்து நிமிடம் போன். மேசையில் ஒரே ஒரு போன், எதிரே காத்திருப்பவர்களுக்குப் பெஞ்சு. அதில் ரகசியம் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்றுதான். அண்ணன் வீட்டுக்குப் போடாமல் மச்சானுக்குப் போட்டார்.

"சொல்லுங்க மாமா. சாப்டீங்களா?"

அந்த 'சாப்டீங்களா'வில் பாதித் தைரியம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். அப்புறம் மச்சான் பிடித்தான் ஒரு பிடி. பெஞ்சு முழுக்கக் கேட்டது.

"நாலு வருஷம் மாமா. ஒரு ஸ்குரூ முடுக்குறதுக்குக்கூட என் கைய நான் நம்பல. பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தீங்களே."

எதற்கும் வேடிக்கையாய் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர், "ஆமா" என்றார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று ஆபீஸ்காரர் மேசையைத் தட்டினார். அடுத்த முறை பேக்கரிக்காரனுடையது. பை மடியில் இருந்தது.

"என் பத்து நிமிஷத்தையும் அவருக்கே குடுத்துருங்க சார்."

"அப்பாவுக்குப் பேசணும்னியே?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம். அவர் பேசட்டும்" என்றவன் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

மச்சான் அந்தப் பத்து நிமிடத்தில் முக்கால்வாசியைத் திட்டியே தீர்த்தான். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல மச்சான்."

"நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, பாக்க விடுவாங்கள்ல? அக்காவக் கூட்டிட்டு வர்றேன். நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."