சாதாவுக்கும் மசாலாவுக்கும் நடுவில் ஒரு கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி என்னை விட்டுவிட்டு முந்திரிக்காட்டுக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. உப்புமாவைக் கிளறி மூடி வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தோழியின் காரில் ஏறிவிடுவாள். பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் பக்கம் போக வேண்டும். அங்கே ஊர்க்காரர்களே சேர்ந்து தங்கள் தோப்புகளுக்குள் மலைச் சைக்கிள் ஓட்டப் பாதை போட்டிருக்கிறார்கள். மலையே இல்லாத காட்டில் மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்டேன்.

"நடக்கவே நடக்காத நீங்க வாக்கிங் ஷூ வாங்கலையா?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு காலை என்றால் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பருக்குச் சண்டை போடுவோம். இப்போது பேப்பர் முழுவதும் எனக்கே கிடைத்தது, படிக்கத்தான் பிடிக்கவில்லை. நானும் வருகிறேன் என்று ஒரு வாரம் முனகினேன். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சாதா பாதைய யார் உதவியும் இல்லாம ஒரு தரம் ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் வாராவாரம் என்கூட வரலாம். முடியலைன்னா வூட்டுலயே இருங்க. அப்புறம் என்னைப் போட்டு நச்சரிக்கக் கூடாது."

அங்கே பாதைகள் இரண்டு. தோசைக்கடைப் பழக்கத்தில் சுலபமானதற்குச் சாதா என்றும், ஓடைக்குள் விழுந்து ஏறுகிற பொல்லாததற்கு மசாலா என்றும் பெயர் வைத்திருந்தார்கள். தோப்பில் பாதிக்குச் சொந்தக்காரரான ஓர் அக்காதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பாதையைக் கூட்டுவதும் அவர்தான், ஹெல்மெட்டை மாட்டிவிடுவதும் அவர்தான். என் தலைக்கு மூன்று ஹெல்மெட் போட்டுப் பார்த்தார்.

"பழம் வேணும்னா தின்னுக்கங்க சார், கொட்டைய மட்டும் பொறுக்கக் கூடாது. கிளை வந்தா குனிஞ்சிக்கங்க. பாதை பிரியிற எடத்துல கல்லுல அம்பு போட்டிருக்கும். அது காட்டுற பக்கம் போயிடுங்க, அவ்வளவுதான்."

மனைவி மற்றவர்களோடு, இரண்டு பாதையும் வந்து முடியும் இடத்தில் நிற்பதற்குப் போய்விட்டாள். என்னைக் கிளப்பிவிட்டு அக்காவும் குறுக்கு வழியில் அங்கே போனார். அன்றைக்கு முதல் வண்டி என்னுடையதுதான்.

முந்திரி மரத்துக்கு உயரமாக வளர்கிற எண்ணமே கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் குனிந்தேன், ஒவ்வொரு கிளையும் என்னைத் தட்டிப் பார்த்துத்தான் விட்டது. ஆனாலும் விழவில்லை. பாதை பிரியும் இடமும் வந்தது. இடது பக்கம் ஒன்று போனது, நேரே ஒன்று போனது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தி, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். அதன் நடுவே சிவப்புப் பெயின்டில் அம்பு, மேல் நோக்கி. நான் அரசாங்க ஊழியன், போர்டு சொன்னால் கேட்பேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு நேரே மிதித்தேன்.

சிறிது தூரத்தில் தரை முடிந்துவிட்டது. கீழே ஓடை. பிரேக் என்று நினைத்துக் கியரை அழுத்தினேன். சைக்கிள் தன்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, நான் உட்கார்ந்த வாக்கில் செம்மண்ணில் சறுக்கிப் பின்னாலேயே போனேன். எழுந்து, பிடிமானத்துக்கு ஒரு முந்திரிக் கிளையைப் பற்றினேன். அது முசுறுகளின் குடித்தனம். அந்தச் சிவப்பு எறும்புகள் குடும்பத்தோடு என் சட்டைக்குள் இறங்கின. அதற்குப் பிறகு நான் சைக்கிள் ஓட்டியதை யாராலும் மிஞ்சியிருக்க முடியாது. இரண்டு மேடு, ஒரு பள்ளம், கிடந்த ஒரு மரம், எதற்கும் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி, அலறிக்கொண்டே காட்டை விட்டு வெளியே வந்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"மொத நாளே மசாலாவா!" என்று அக்கா வாயில் கை வைத்தார். ஒருவர் என்னோடு செல்ஃபி எடுத்தார். ஆபீஸில் எனக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. ஆகவே கடிபட்ட இடத்தைச் சொறியாமல் நிமிர்ந்து நின்றேன்.

"சார் இனிமே மசாலா செட்டுதான். ஆறு மணிக்கே வந்துடுங்க. அம்மா சாதா செட்டு, அவங்க எட்டு மணிக்கு மேல வரட்டும்" என்று அக்கா நோட்டில் எழுதப் போனார்.

மனைவியைப் பார்த்தேன். அவள் மட்டும் கைதட்டவில்லை. அவளோடு ஓட்டத்தானே இத்தனை பாடும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எழுதாதீங்க அக்கா. எனக்கு வழி தப்பிடுச்சு. முசுறு கடிச்சுதான் வேகமா வந்தேன். என்னை இவகூட சாதாவுல போடுங்க."

"வழி எப்படித் தப்பும்? அம்பு எடது பக்கம் பாக்குற மாதிரி கல்லு படுத்துல்ல கெடக்கும்?"

"படுக்கல அக்கா. மஞ்சள் பூசிக்கிட்டு நேரா நிமிந்து நிக்குது."

வழி பழகியவர்கள் யாரும் அந்தக் கல்லைப் பார்ப்பதே இல்லையாம், கூட்டுகிற அக்காகூடத் தரையைத்தான் பார்ப்பாராம்.

"நான்தான் போன வாரம் நிமித்தி வெச்சேன்" என்றாள் மனைவி. "வெறகு பொறுக்க வர்றவங்க அதை வேலுன்னு நெனச்சிப் பூ வெச்சிக் கும்பிட்டுக்கிட்டிருக்காங்க. நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். சாமி படுத்துக் கெடக்குறது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அம்புங்கிறதே மறந்து போச்சு."

கல்லை மறுபடி படுக்க வைக்கலாமா என்று அக்கா கேட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து மரத்தில் தனியாக ஒரு பலகை அடிப்பது என்று முடிவாயிற்று.

"அப்படி என்ன வேண்டிக்கிட்டே?" என்று நான் கேட்டேன்.

என் முதுகில் ஒட்டியிருந்த முசுறு ஒன்றை அவள் பிய்த்துப் போட்டாள்.

"நீங்க விழாம சாதாவ முடிச்சிடணும்னுதான். மூணு மாசமா எட்டுப் பேரோட ஓட்டுறேன். திட்டுறதுக்கு ஒரு ஆளு இல்ல."